பிரக்கிராசியார் பங்குத் தீ

சல்லிக் கிராமத்து இரத்தினேஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம். திருக்கோணமலை வரைக்கும் கூடையில் மீன் சுமந்து விற்கிறவள். வாயில்லாமல் அந்தத் தொழில் நடக்குமா? ஆனால் அந்த வருஷம் அந்த வாயே அவளை மாட்டிவிட்டது.

பங்குனிக் கடைசியில் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட காலை, அவள் புருஷன் கதிரவேல் அங்கேதான் கூலி வேலையில் நின்றான். "தாயே, மனுசனை முழுசாத் தந்தியெண்டால் தீ மிதிக்கிறன்" என்று ஊர் அம்மாளுக்கு நேர்ந்தாள். பின்னேரம் கதிரவேல் உடம்பெல்லாம் கரியோடு வந்து, "சோறு இருக்கோ?" என்றான். அம்மாள் தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி இவள் பங்கு.

வைகாசியில் அம்மாள் கோயிலில் தீமிதிச் சடங்கு. இரவெல்லாம் விறகு எரித்தால்தான் காலையில் தணல் கிடைக்கும். யுத்தக் கட்டளையோ, பொழுதுபட்டால் ஒரு குப்பிவிளக்குக்கூட வெளியே தெரியக்கூடாது என்றது. கோயிற்காரர் கையை விரித்துவிட்டார்கள். நேர்ந்ததைச் செய்யாமல் இரத்தினேஸ்வரி புருஷனை மறுபடியும் அந்தத் துறைமுகத்துக்கு எந்த மனத்தோடு அனுப்புவாள்?

வெள்ளைக்காரத் துரைமாரோடு பேசக்கூடியவர் பிரக்கிராசியார் இராசதுரை. பெரிய சட்டக்காரர், பெரிய கை. யுத்தம் முடிந்து வரப்போகிற தேர்தலுக்கு இப்போதே நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். முன்பு கோயில் எந்தப் பக்கம் என்று கேட்ட மனிதர், இப்போது நாலு பேர் கூடினால் போதும், "அம்மாள்தான் என்னை நடத்துறா" என்பார். சனம் சிரித்தது. இரத்தினேஸ்வரி சிரிக்கவில்லை. "மீன் விக்கிறவள் தான் மீன் தின்னமாட்டன் எண்டால் ஆர் வாங்குவினம்? அவரும் வோட்டுக் கேக்க வேணுமே!" என்றாள்.

கோயில் வாசலில் அவர் பேசிய கூட்டத்தில் இவள் எழும்பி நின்றாள். "தீ மூட்ட ஐயா உத்தரவு வாங்கித் தருவார்! அவருக்கு அவ்வளவு பக்தி, எங்களோட சேர்ந்து தீயும் மிதிப்பார்!"

சனம் "அரோகரா" போட்டது. பிரக்கிராசியாருக்கு வேர்த்துக் கொட்டியது. மாட்டேன் என்றால் திருநீறும் போச்சு, வோட்டும் போச்சு. தலையை ஆட்டிவைத்தார்.

நாட்கள் போயின, உத்தரவு வரவில்லை. கதிரவேல் விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்கு மூளையிருக்கோடி? உத்தரவு வந்தால் அவர் மிதிக்க வேணும். பிறகேன் வாங்குறார்?"

ஐயோ, இது தனக்குத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு, இரத்தினேஸ்வரி அவர் வீட்டுக்கு ஓடினாள்.

"ஐயா, நீங்கள் மிதிக்க வேண்டாம். உங்கட பேரிலையும் நானே மிதிக்கிறன். நீங்கள் மாலையோட பக்கத்தில நில்லுங்கோ, அதுவே காணும்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பிடிச் செய்யலாமோ?"

"ஓம் ஐயா. ஏலாத ஆக்களுக்கு மற்ற ஆக்கள் மிதிக்கிறதுதானே."

அடுத்த கிழமையே உத்தரவு வந்தது: விடிந்தபின் மூட்டலாம், பொழுதுபட முன் அணைக்கவேண்டும்.

சடங்கன்று பின்னேர வெயிலில் மஞ்சள் சேலையோடு தணலில் இறங்கி நடந்தாள். அது கதிரவேலுக்கு. அவள் மனம் பஞ்சாகிவிட்டது. திரும்பிவந்து இன்னொரு தரம் நடந்தாள். அது பிரக்கிராசியாருக்கு. சனம் அவருக்கும் சேர்த்து அரோகரா போட்டது.

மாலையோடு நின்றவர் மெல்லக் குனிந்தார். "உண்மையைச் சொல்லு பிள்ளை, சுடேல்லையோ?"

இரத்தினேஸ்வரி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். ஒரேயொரு கொப்புளம்.

"என்ர மனுசனுக்கு மிதிக்கேக்கை துளியும் சுடேல்லை ஐயா. உங்கட பங்குதான் சுட்டுப்போட்டுது."