போத்தனூருக்குப் போகாத பெட்ஷீட்டுகள்

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் ஸ்டோர்ஸ் பிரிவில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பினாயில், பஞ்சு, பெட்ஷீட் என்று வாங்குவதற்கெல்லாம் கடிதம் அடிக்க வேண்டும். எதை அடிக்கிறேன் என்று பார்க்காமலே அடிக்கும் நிலைக்கு இரண்டே வருடத்தில் வந்துவிட்டேன். அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்ஷீட்டை மட்டும் நாங்கள் தனியாக வாங்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி, ஒரு அரசு மாணவர் விடுதி, இரண்டு முதியோர் இல்லங்கள், இரண்டு குழந்தைகள் காப்பகங்கள் என்று ஆறு இடங்கள் சேர்ந்து வாங்கினோம். ஐம்பது பெட்ஷீட் வேண்டுமென்று போனால் கடைக்காரர் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். ஆறு பேர் தேவையையும் ஒன்றாகச் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் என்றால், சென்னிமலை நெசவாளர் சங்கத்துச் செயலாளரே பஸ் ஏறி வந்து மாதிரித் துணியை மேஜையில் விரிப்பார். பெரிய இடம் என்பதால் டெண்டர் எங்கள் பெயரில் போகும். முடிவாகும் விலைக்கு மற்றவர்கள் தங்கள் பங்கை நேரே வாங்கிக்கொள்வார்கள். ஆளாளுக்கு டெண்டர் விட்டு ஆளாளுக்கு அலைய வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். இன்றைக்கும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

அந்த டெண்டரின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி உண்டு. பின்னால் வந்து சேரும் வேறு தொண்டு நிறுவனங்களும் ஒரு வருடத்துக்குள் இதே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பது அது. அந்த வருடம் அந்த வரிக்கு முன்னாலேயே, நகலெடுப்பதற்காக அடிக்கும் ஸ்டென்சில் தாளில் இடம் முடிந்துவிட்டது. ஒரு வரிக்காக இன்னொரு ஸ்டென்சில் கேட்டு ஸ்டோர் கீப்பரிடம் போய் நிற்க வேண்டும், அவர் எதற்கு என்பார். ஆறு பேரும்தான் கையெழுத்துப் போட்டாயிற்றே, புதிதாக யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஸ்டோர்ஸ் அதிகாரியும் படிக்காமலே அனுப்பச் சொல்லிவிட்டார்.

விலை முடிவாகி இரண்டு வாரம் கழித்து போத்தனூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். படுத்த படுக்கையாக இருக்கும் பெண்களுக்கான ஒரு சிறிய இல்லத்தின் காப்பாளர். மொத்தம் நாற்பது பேர். யாரும் எழுந்து நடக்க மாட்டார்கள், பாதிப் பேருக்கு எல்லாமே படுக்கையில்தான்.

"ஏனுங்க அம்மணி, ஆளுக்கு ரெண்டுதான் இருக்குதுங்க. ஒண்ணைத் துவைச்சா ஒண்ணை விரிக்கோணும். மழை புடிச்சுட்டா காயாதுங்க. ஐப்பசிக்குள்ள ஆளுக்கு இன்னும் ரெண்டு கிடைச்சாப் போதுமுங்க. உங்க ரேட்டுக்கே எங்களையும் சேத்துக்குவீங்கன்னு சொன்னாங்க."

முந்தைய வருடங்களில் இது ஐந்து நிமிட வேலை. அவர் போன பிறகு சங்கத்துக்குப் போன் போட்டேன். செயலாளர் டெண்டரை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த வரி இந்த வாட்டி இல்லீங்களே அம்மணி. அது இல்லாம அதே வெலைக்குக் குடுத்தா ஆடிட்ல மாட்டிக்குவேனுங்க. டெண்டரைத் திருத்தி ஒரு கடுதாசி உங்க ஆபீசரைக் குடுக்கச் சொல்லுங்க, குடுத்துப்போடறேனுங்க."

திருத்தக் கடிதம் என்றால் ஆறு இடங்களும் மறுபடி கையெழுத்திட வேண்டும். எப்படி விட்டுப்போனது என்று கேட்பார்கள். நான் அதிகாரியிடம் சொல்லவில்லை. அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்பது மரியாதைக் குறைவு. பெண் கேட்டு வந்தவர்களைக்கூட "பாத்துக்கலாமுங்க" என்றுதான் சொல்லி அனுப்புவோம். அவர்களும் புரிந்துகொண்டு வேறு இடம் பார்ப்பார்கள். அடுத்த முறை அவர் வந்தபோது நானும் அதையே சொன்னேன். வெறுமனே அதைச் சொல்லியிருந்தால் அவரும் புரிந்துகொண்டிருப்பார். நான் கூடவே, "சங்கத்துல சொல்லிப்போட்டிருக்கேனுங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்படி மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதையே சொன்னேன். மனசு உறுத்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். உறுத்தவில்லை. அவர் போனதும் அடுத்த தாளை மெஷினில் செருகினேன்.

ஐப்பசியில் ஒருநாள், ரயிலில் வந்த மருந்துப் பார்சலுக்குக் கையெழுத்துப் போட போத்தனூர் போனேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடம் இல்லாமல் அந்த இல்லத்துக்குள் போனேன்.

கட்டில்களில் பாதிக்கு விரிப்பு இல்லை. குறுக்கே கட்டிய கயிறு முழுக்க ஈரத்துணி. பச்சை ரெக்சின் மெத்தைமேல் செய்தித்தாளைப் பரப்பி அதன்மேல் பெண்களைக் கிடத்தியிருந்தார்கள். ஒருத்தியைப் புரட்டியபோது தாள் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மா தண்ணீர் தொட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்தார். அடியில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. அவள் கத்தவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். நான் குடித்தேன். சூடாக, நன்றாக இருந்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அவராகவே பேச ஆரம்பித்தார். "ஆவணியில ஒரு மில்லுக்காரரு நூறு பெட்ஷீட்டு சும்மாவே தாரேன்னு வந்தாருங்க. நமக்குத்தான் நீங்க சொல்லிப்போட்டிருக்கீங்களே, ரெண்டு பக்கமும் வாங்குனா நல்லா இருக்குதுங்களா? இல்லாத எடத்துக்குக் குடுங்கன்னு அனுப்பிச்சுட்டேனுங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மழை இன்னும் விடவில்லை.

"நீங்க அதுக்கு வருத்தப்படாதீங்க அம்மணி. எங்களுக்காக நீங்களும் எத்தனையோ வாட்டி சொல்லித்தான் பாத்தீங்க. சங்கத்துக்காரங்க குடுக்காட்டி உங்க கையில என்னங்க இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.