கிளமெண்டிக்கு வாங்கிப் போன மாலை

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் என்னோடு பல வருடம் பூக்கட்டிய தோழி இறந்துவிட்டாள் என்று, கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு செய்தி வந்தது. யாருக்கும் போன் போட்டுக் கேட்க எனக்குக் கூச்சம். மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு கிளமெண்டிக்கு ரயில் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்தது அவளேதான்.

"மாலை யாருக்குடி?"

குழுவில் வந்த செய்தியைத் திறந்து போனை நீட்டினேன். அவளிடம் இருந்தது பழைய பட்டன் போன். குழுவில் அவள் இல்லை.

"கொன்னுட்டீங்களா லா! செத்தது பாசிர் ரிஸ்ல இருக்கிறவ. அவளுக்கும் என் பேருதான். படத்தை மாத்திப் போட்டுட்டாங்க."

சிரித்தபடியே படித்துக்கொண்டு போனாள். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. உட்லண்ட்ஸில் இருக்கும் அவளுடைய சொந்தத் தங்கையும் கைகூப்பியிருந்தாள்.

"இவளாவது போன் பண்ணி நெசமான்னு கேட்டிருக்கலாம்ல?"

செய்தி தப்பு என்று எழுத்துக்கூட்டி எழுதப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாத. யாராவது வர்றாங்களான்னு பாப்போம்."

விளக்கு வைக்கும் நேரம்வரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை, அவள் போனும் அடிக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்று பழகிப்போன வாய், "போயிட்டு வரேன்" என்று சொல்லவே இல்லை. லிஃப்டுக்குள் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. நான் விட்டுவிட்டு வந்த மாலையோடு அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.