உதிரி மட்டை

நேற்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதுக் கடையொன்றில் சாமான் வாங்கினேன். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் அடுக்கித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்து அலுமாரித் தட்டில் விரிக்கலாம் என்று அளந்து கோடும் போட்டுவிட்டேன். கத்தியை வைத்தால் கை ஓடவில்லை. நாங்கள் மட்டை என்கிற அந்தப் பழுப்பு அட்டையையும் அதிலிருக்கும் சிவப்பு எழுத்தையும் கண்டால் நான் இன்னும் ஓரடி பின்வாங்குவேன். மட்டைக்குப் பயந்த மனிதன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரணத்தைச் சொல்கிறேன். என் தங்கை நசீராவின் கணவர் நிஸ்தார் மச்சான், வளைகுடா நாடொன்றில் சிறு விமானக் கொட்டகையில் வேலை பார்த்தவர். வசதியுள்ளவர்கள் தங்கள் கையாலேயே விமானம் செய்து பறக்கும் இடம் அது. அங்கே ஓட்டவும் பழகிக்கொண்டார். ஊருக்கு வந்து, நாவிதன்வெளியில் ஒரு பழைய நெல் களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு வருடம் மெனக்கெட்டு ஓர் ஆள் மட்டும் இருக்கக்கூடிய விமானம் ஒன்றைச் செய்தார். எஞ்சின், மோதி நொறுங்கிய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றியது. சாதாரண எஞ்சின் அல்ல. பிஸ்டன் மேலும் கீழும் போகாது. முக்கோண வடிவில் ஒன்று உள்ளே சுழலும். ஓடும்போது உராய்வைத் தடுக்க ஊற்றும் ஒயிலையும் கொஞ்சம் சேர்த்து எரிக்கும். அந்த வாசனை என் சட்டையிலிருந்து மூன்று கழுவலுக்கும் போகாது.

அந்த முக்கோணத்தைக் குளிர வைப்பது தண்ணீர் அல்ல, ஒயில். ஆகவே ரேடியேற்றர் அளவுக்கே ஒயில் கூலரும் முக்கியம். மச்சான் நடுப்பகல் வெயிலை நினைத்துப் பெரிய கூலராகப் பூட்டிவிட்டார். பெரும்போக அறுவடை முடிந்த வயலின் காலைக் குளிரில் ஒயில் சூடேற மறுத்தது. குளிர்ந்த ஒயில் தேன் மாதிரி. அப்படியே முழு வேகம் கொடுத்தால் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கும். அளவுக்கு மீறிச் சுட்டாலோ தண்ணீர் மாதிரி ஓடி, எஞ்சினின் உள்ளுறுப்புகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும்.

அதற்குத்தான் மட்டை. பிஸ்கட் பெட்டியில் வெட்டிய துண்டொன்றைக் கூலருக்குக் காற்றுப் படாமல் அதன் முன்னால் இரண்டு கவ்விகளால் பிடித்து வைப்போம். ஒயில் அறுபது பாகை வந்ததும் நான் அதைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டவேண்டும். அதைக் கண்டால் மச்சான் தலையசைத்து வேகம் கொடுப்பார். எஞ்சின் சத்தத்தில் வேறு எந்தப் பேச்சும் எடுபடாது.

என் மற்ற வேலை கொப்பியில் குறிப்பு எழுதுவது. நேரம், சூடு, அழுத்தம், மட்டை என்று நான்கு பத்தி. சூட்டையும் அழுத்தத்தையும் மச்சான் விரலால் காட்டுவார், நான் பதிவேன்.

"வானத்துல பறக்கிறத்துக்கும் இடாப்பு வேணுமா?" என்று வயல்காரர் என் கொப்பியைக் காட்டிச் சிரிப்பார். அவருக்கிருந்த ஒரே கேள்வி, "இந்தக் காத்தாடியால நெல்லுத் தூத்த ஏலுமா?" என்பதுதான்.

"தூத்தலாம் காக்கா. நெல்லு காரைதீவுல போய் விழும், அங்க போய்த்தான் அள்ளணும்," என்றார் மச்சான், அவரை அண்ணன் முறை வைத்து.

பறப்பதற்கான அனுமதிக் கடிதம் கொழும்பிலிருந்து வரவில்லை. ஆகவே அன்று காலை, வரம்புகளை வெட்டிச் சமன் செய்த வயலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வேகமாக ஓட்டி நிறுத்துவதுதான் பேச்சு. நசீரா சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் ஊற்றித் தந்து, "நீங்க இரிக்கீங்கதானே காக்கா," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

இனி என் ஒழுங்கைக் கேளுங்கள். அதற்கு முந்திய நாள் மாலை, மட்டை நனைந்தால் என்ன செய்வது என்று யோசித்து, அதே பெட்டியில் அதே அளவில் இன்னொன்று வெட்டி வைத்திருந்தேன். உதிரி.

ஐம்பத்தெட்டு பாகை என்று எழுதும்போது தூறல் விழுந்தது. கொப்பியில் மை பரவப் போகிறதே என்ற பதற்றத்தில் உதிரி மட்டையை எடுத்துத் தலைக்கு மேலே குடையாகப் பிடித்தேன். மச்சான் சிவப்பு எழுத்தைக் கண்டார். தலையசைத்தார்.

எஞ்சின் உறுமியது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நிறுத்துவார் என்று பின்னால் ஓடினேன். ஆனால் விமானம் நாங்கள் கணித்ததைவிட இலேசு. பாதி வயலிலேயே சக்கரச் சில்லுகள் நிலத்தை விட்டுவிட்டன. முன்னால் வாய்க்கால் கட்டு, அதற்கு மேலே மின்கம்பி. இறங்க இடமில்லை. ஏறத்தான் வேண்டும். ஏறிவிட்டார்.

கழற்றாத மட்டையை எதிர்க்காற்று கூலரோடு இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. வாய் கலிமா சொல்லிக்கொண்டிருந்தது. கையோ மணிக்கூட்டைப் பார்த்து எழுதியது: "7.14. மட்டை உள்ளே." ஏன் எழுதினேன் என்று இன்றும் விளங்கவில்லை. வேறு எதையும் செய்யத் தெரியவில்லை.

தென்னைகளுக்குப் பின்னால் சத்தம் மெலிந்தது. ஊசி சிவப்புக்குப் போனதைக் கண்டு வேகத்தைக் குறைத்தாராம். குறைத்தால் உயரமும் குறையும். 7.16க்கு எதுவும் கேட்கவில்லை. நசீராவிடம் என்ன சொல்வேன் என்று முழு வசனமாக யோசித்தேன். 7.18க்குக் கட்டுக்கு மேலே மூக்குத் தெரிந்தது. கம்பியை மயிரிழையில் தாண்டி, வயலில் இரண்டு முறை துள்ளி இறங்கியது. கல்லை அரைக்கிற சத்தத்தோடு எஞ்சின் நின்றது.

மச்சான் இறங்கினார். முன்னால் குனிந்து, ஓரம் கருகிய மட்டையை உருவினார். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"ரெண்டு மட்டையா மச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம். ஒண்டு உதிரி."

"நல்லம். நான் மவுத்தாப் போனா நசீராக்கும் ஒரு உதிரி மாப்பிள வெட்டி வெச்சிரிப்பீங்க."

சிரித்தார். தேநீர்க் கோப்பையைப் பிடிக்க அவருடைய இரண்டு கைகளும் போதவில்லை.

எஞ்சின் மீண்டும் சுற்றவில்லை. மச்சான் திரும்ப வளைகுடாவுக்குப் போய்விட்டார். களஞ்சியத்தில் இப்போது உரமூட்டை. வயலில் வரம்புகளை மறுபடி கட்டிவிட்டார்கள். அந்த இடத்தை இன்று என்னாலேயே அடையாளம் காட்ட முடியாது.

போன பெருநாளைக்கு நசீராவும் நானும் புறப்பட்டு வாசலுக்கு வந்தபோது, "காஸ் மூடியாச்சா காக்கா?" என்று கேட்டாள்.

"ஓம், மூடிட்டன்," என்றேன்.

முன்பெல்லாம் என்னுடைய அந்தச் சொல்லோடு கதவு பூட்டப்படும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள்.