மணல்மேட்டுக்காரர்களின் நோய்

நெதர்லாந்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் காட்வைக் மீனவ ஊரில் பாதிப்பேருக்கு ஒரே குடும்பப்பெயர். அதனால் அப்பன் வழியில் வரும் பட்டப்பெயர்தான் அடையாளம். மூளையில் ரத்தம் கசிந்து ஐம்பது வயதுவாக்கில் ஆளைச் சாய்க்கும் நோயையும் ஊர் ஒரு பட்டப்பெயரோடு கட்டிவைத்திருந்தது. அது ‘மணல்மேட்டுக்காரர்’களின் நோய்.

பொரித்த மீன் விற்கும் ப்ளோனாவின் அம்மா மணல்மேட்டுக்காரி. நாற்பத்தொன்பதில் அந்த நோயில் போனாள். ஆனால் ப்ளோனாவுக்கு அப்பாவின் பட்டப்பெயர், ‘நண்டு’. ஆகவே அவளுக்கு வராதாம்! பழி முழுவதும் அவளுடைய தாய்மாமன் மகன் லேன்டர்ட்டின் மேல். படகு முதலாளி தேனிஸ் அவனைப் படகில் வேலைக்கு எடுக்கவில்லை. திருச்சபைப் பெரியவர்கள் ஆண்டவரின் சித்தம் என்றார்கள். மரபணு பட்டப்பெயர் பார்க்காது என்று, பள்ளியில் பாடம் எடுக்கும் நான் கத்தியதுதான் மிச்சம்.

இருவரும் லைடன் நகர மருத்துவமனைக்குப் போய் மரபணுவைச் சோதித்துக்கொண்டார்கள். லேன்டர்ட்டுக்கு இல்லை. ப்ளோனாவுக்கு இருந்தது.

லேன்டர்ட் காகிதத்தை நீட்டியபோது தேனிஸ் சிரித்தார். “காகிதம் தப்புப் பண்ணும்டா. மணல்மேடு மணல்மேடுதான்.”

ப்ளோனா என்னிடம் வந்தாள். “நாப்பத்திமூணு வருஷமா நண்டு. இப்ப நான் யாரு டீச்சர்? சொன்னா எல்லாரும் என்னைப் பொணமாப் பாப்பாங்க. சொல்லலைன்னா அவன் கரையிலயே கெடப்பான்.”



சனிக்கிழமை ப்ளோனாவின் கடைக்குத் தேனிஸ் மீன் வாங்க வந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நான்.

“என்ன நண்டு, மாவுல உப்பப் போட மறந்துட்டியா? மூஞ்சி அப்படி இருக்கு?”

“அம்மாவோட நோய் எனக்கு இருக்குண்ணே. லேன்டர்ட்டுக்குத்தான் இல்ல.”

“வெளையாடாத. நீ நண்டு.”

“அம்மா வயித்துலதான பொறந்தேன்? பட்டப்பேருக்கா பொறந்தேன்?”

தேனிஸ் வாங்கிய மீன் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றார். “அம்மா வழியிலயும் வருமா?”

“பாதிக்குப் பாதி. வரலாம், வராமலும் போகலாம்.”

அவருடைய அம்மாவும் மணல்மேட்டுக்காரிதான். ஐம்பத்தொன்றில் அதே நோயில் போனவள். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும். தேனிஸுக்கு நாற்பத்தாறு வயது.

“லேன்டர்ட்டத் திங்கக்கெழமை வரச் சொல்லு,” என்றார். நாலு எட்டு நடந்தவர் திரும்பிவந்தார். “ப்ளோனா... நான் படகு ஏறலாமா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன்.

“தெரியலண்ணே,” என்றாள். “மீன் ஆறுது. தின்னுங்க.”