காதில் வந்த ஒன்பதாம் எண்

இது கட்டுக்கதை இல்லை. சம்பந்தப்பட்டவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். தொலைக்காட்சியில் கால்பந்து வந்தால் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

முப்பது வருடமாக ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் அவர்தான் கால்பந்து வர்ணனையாளர். தூங்குகிறவனையும் எழுப்பி உட்கார வைக்கும் குரல். குரலுக்கு வயதாகவில்லை, கண்ணுக்குத்தான் ஆகிவிட்டது. ஆட்டக்காரர்களின் முதுகில் உள்ள எண்கள் சில மாதங்களாகக் கரைந்துகொண்டே வந்தன. மருத்துவர் கையை விரித்துவிட்டார். விஷயம் தெரிந்தது மகளுக்கு மட்டும். அவள்தான் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள். மேலிடத்துக்குத் தெரிந்தால் மறுநாளே வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதே அன்றைய ஆட்டத்தைப் பொறுத்துத்தான் இருந்தது.

முதல் பாதியில் சொதப்பினார். ஆள் மாற்றிப் பெயர் சொன்னார். பக்கத்தில் இருந்த துணை வர்ணனையாளர், ஒரு முன்னாள் கோல்கீப்பர், முழங்கையால் இடித்துத் திருத்தினார்.

"என்னண்ணே, ராத்திரி தூங்கலையா?"

"வெயில் கண்ணைக் கூசுதுப்பா" என்று சமாளித்தார்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் காதில் ஒரு குரல். ஹெட்போனில் ஒரு காது எப்போதும் இயக்குநருக்குத்தான். 'விளம்பரம் வருது', 'ரீப்ளே போடறேன்' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இது வேறு யாரோ. மெல்லிய குரல். "நாலு... பத்துக்குக் கொடுக்கறான்... பத்து, ஏழுக்கு..." என்றது. எண் தெரிந்தால் பெயர் அவருக்கு மனப்பாடம். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது. மகள்தான் யாரிடமோ கெஞ்சி ஆள் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, காதுக்கு வந்ததையெல்லாம் அப்படியே சொன்னார்.

அறுபதாவது நிமிடம். கோல்கீப்பர் மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"எப்படிண்ணே... பந்து போறதுக்கு முன்னாடியே சொல்றீங்க?"

அவருக்கு மைதானம் மங்கல்தான். ஆனால் காது நன்றாகக் கேட்கும். அவர் 'கோல்' என்று கத்தினார். அதற்குப் பிறகுதான்... அரங்கம் கத்தியது.

ஹெட்போனைக் காதிலிருந்து நகர்த்தினார்.

குரல் நிற்கவில்லை.

"ஒன்பது விழறான்... எழுந்திருக்கல."

சொல்லக்கூடாது என்று நினைத்தார். பழகிய வாய் சொல்லிவிட்டது.

"இல்லண்ணே, சும்மாதான் நிக்கறான்."

அப்புறம்...

அரங்கமே அடங்கிப்போனது.

மருத்துவமனை போகும் வழியிலேயே ஒன்பதாம் எண்காரர் இறந்துவிட்டார். இதயம் என்றார்கள்.

மறுநாள் காலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வரச்சொன்னார்கள். இரண்டாம் பாதி பிரமாதமாம். நடையில் ஒலிப்பதிவாளர் மறித்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், நேத்து இடைவேளையிலயே உங்க ஹெட்போன் லைன் அறுந்துபோச்சு. உங்க காதுக்கு எதுவுமே வந்திருக்காது."

"வந்துச்சே."

"உங்க மைக்ல பதிவாகியிருக்கு. உங்க தோளுக்குப் பின்னாடி நின்னு யாரோ பேசற மாதிரி. நீங்க போனப்புறம் மைக்கை அணைக்க மறந்துட்டேன். பூட்டின அறையில... அது பேசிட்டே இருந்திருக்கு."

போட்டுக் காட்டினார்.

"படி இறங்கறார்... கைப்பிடியைத் தடவறார்... பொண்ணு கார்ல ஏறறார்... விடியுது... ஆபீசுக்கு வர்றார்... பொண்ணு கீழே கார்ல காத்திருக்கா..."

அது நேற்றுப் பதிவானது.

மீதியைக் கேட்க அவர் நிற்கவில்லை. கையெழுத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தடுமாறிக்கொண்டே கீழே ஓடினார்.

"இறங்கும்மா. சாவியைக் கொடு."

"ஏம்ப்பா?"

"நடந்தே போலாம்."

பெரிய சாலையைக் கடக்கும்போது லாரி ஒன்று வந்தது. அவருக்கு அது தெரியவில்லை. மகள் அவரைத் தள்ளிவிட்டாள். அவளால் விலக முடியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒலிப்பதிவாளர் வீட்டுக்கு வந்தார். மீதிப் பதிவை அவர் தனியாகக் கேட்டிருந்தார். அதில் கார் ஓடவே இல்லையாம்.

"சாவியை வாங்கிக்கறார்... ரெண்டு பேரும் நடக்கறாங்க..." என்றுதான் இருந்ததாம்.