ஐந்து மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் கிணத்துக்கடவு

போன சனிக்கிழமை சாயங்காலம் ஜாபர் பாய் வீட்டுக்கு வந்தார். கையில் இந்தப் பத்திரிகையின் சென்ற வார இதழ் — நீளவாக்கில் மடித்துப் பிடித்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"காப்பி சாப்பிடுங்க பாய்."

"வேண்டாமுங்க சார். இப்பத்தான் குடிச்சேன்."

வந்த வீட்டில் காப்பி வேண்டாம் என்பது எங்கள் கோயமுத்தூரில் சாதாரண விஷயமா? விஷயம் ஏதோ பெரிசு என்று அப்போதே புரிந்துவிட்டது.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியைச் சென்ற வாரம் படிக்காத பாக்கியசாலிகளுக்காக முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக எங்கள் வீட்டு மாடி அறையில் கிணத்துக்கடவு ரயில்வே ஸ்டேஷனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆறடி ஆள் அதில் இரண்டு சென்டிமீட்டர் உயரம். பொள்ளாச்சிக்குப் போகும் மீட்டர் கேஜ் லைன் பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஓடும். பொம்மை ரயில் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். வீட்டில் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பதே போதும்.

ஏன் கிணத்துக்கடவு? பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சின்ன ஸ்டேஷன், மாடி அறைக்குள் அடங்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் பிளாட்பாரம், தண்ணீர்த் தொட்டி, டிக்கெட் கவுன்டரின் ஜன்னல் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தேன். ரயிலுக்குக் காத்திருந்த ஒருவர் பதறிப்போய், "ஏனுங்க, லைனை அகலம் பண்றாங்களா? எங்க தோப்பு போயிருமுங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க, எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணு கட்டறேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னை விட்டு நாலு அடி தள்ளியே நின்றார்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பொறுமை கிடையாது. பசை காய ஒரு நாள் ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் விரலால் தொட்டுப் பார்ப்பேன். செம்புக் கம்பியில் பச்சைத் தாள் ஒட்டிச் செய்த தென்னை மரங்களை மூன்று தடவை நட்டு, மூன்று தடவை பிடுங்கியிருக்கிறேன். தண்டவாளத்துக்கு நடுவே போடும் ஜல்லிக்கு என்ன செய்வது என்று யோசிக்கக்கூடப் பொறுக்காமல், சமையலறையில் இருந்த ரவைக்குச் சாயம் போட்டுக் கொட்டினேன். மறுநாள் பார்த்தால் எறும்புகள் பாதி லைனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன!

அப்போது இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியின் மணலைச் சலித்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தவர்தான் ஜாபர் பாய். என் வயதுதான். இருபது வருஷ சிநேகம். உக்கடத்தில் பேட்டர்ன் பட்டறை வைத்திருக்கிறார். பேட்டர்ன் என்றால்... ஒரு பம்ப்செட்டை வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே வடிவத்தை மரத்தில் செய்ய வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்து, பதிந்த பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். அந்த மர வடிவம்தான் பேட்டர்ன். அதில் ஒரு நூல் பிசகினால், ஊற்றுகிற பம்ப் அத்தனையும் பிசகும். அப்படிப்பட்டவர் என் ஸ்டேஷனில் பாதியைத் தானே செய்து தருவதாகச் சொன்னபோது நான் தரையில் நிற்கவில்லை.

மொத்த நீளம் எட்டடி. நாலடி நாலடியாக இரண்டு பலகை. ஒரு பாதி அவர், மறு பாதி நான். பலகைகளைக் கடையிலேயே அளவாக அறுத்து வாங்கினோம். இருவருக்கும் ஒரே டிராயிங். இரண்டு பலகையும் சேருகிற இடத்தில், முன்விளிம்பில் இருந்து சரியாக இருபதாவது இஞ்சில் தண்டவாளம் கடக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

இதற்குள் என் வியாதி வேலையைக் காட்டியது. பலகைகளைச் சேர்த்துக்கூடப் பார்க்கவில்லை... வருகிற மாதம் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் ரயில் ஓடும், பார்க்க விரும்புகிற வாசகர்கள் எழுதலாம் என்று இந்தப் பத்தியில் அறிவித்துவிட்டேன். பதினொரு கார்டு வந்தது. கிணத்துக்கடவில் இருந்து ஒரு டீச்சர், 'ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது வீடு எங்களுடையது, மாட்டுக்கொட்டகையோடு இருக்கும், வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தார். வைத்திருக்கவில்லை. அன்றைக்கே அட்டையை வெட்டி ஒட்டினேன். கொட்டகையோடு.

அதற்கடுத்த நாள், பாய் கொடுத்தனுப்பிய பலகையை என்னுடையதோடு சேர்த்துப் பார்த்தேன். பலகைகள் கச்சிதமாகப் பொருந்தின. தண்டவாளம் பொருந்தவில்லை. ஐந்து மில்லிமீட்டர் தள்ளி நின்றது! பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஐந்து மில்லிமீட்டர் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? வண்டி அந்த இடத்துக்கு வந்ததும் நேராகத் தோப்புக்குள் இறங்க வேண்டியதுதான்.

என் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன். என் பாதி — சரியாக இருபது இஞ்ச். பாய் செய்த பாதி — குறைகிறது. இரண்டு தடவை அளந்தேன். சந்தேகமே இல்லை.

மாடிக்கு வந்த என் மனைவி துணி தைக்கிற டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாய் செஞ்சது சரியா இருபது வருது. உங்களுதுதான் தள்ளிப் போகுது" என்றாள்.

"அம்மணி, அது துணி டேப்பு. இழுத்தா நீளும்" என்றேன்.

"நான் எங்கீங்க இழுத்தேன்?"

ஸ்டீல் ஸ்கேலுக்கு முன்னால் துணி டேப் எந்த மூலைக்கு? நேராகக் கீழே வந்து, அந்த வாரப் பத்தியை ஒரே மூச்சில் எழுதி, ஆறுவதற்குள் அனுப்பிவிட்டேன். அதில் இப்படி ஒரு இடம்: 'உக்கடத்தில் பேட்டர்ன் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் ஊருக்கெல்லாம் மயிரிழை பிசகாமல் அளந்து கொடுக்கிறார். சிநேகிதன் வீட்டுக்கு மட்டும் குத்துமதிப்பு!' எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

அந்த வரியைத்தான் பாய் சனிக்கிழமை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பேரு போடலீங்க சார், ஒத்துக்கறேன். ஊரைப் போட்டீங்க, தொழிலைப் போட்டீங்க. அப்பறம் பேரு எதுக்குங்க?"

"சும்மா தமாஷுக்குத்தான் பாய்..."

"நேத்து துடியலூர்ல ஒரு ஃபவுண்டரிக்குப் போயிருந்தேனுங்க. பதினேழு வருசமா நான் குடுக்கற பேட்டர்னை வாங்கி அப்படியே மணல்ல வெப்பாங்க. நேத்து முதலாளி அதை மேசை மேல வெச்சு, ஸ்கேலை எடுத்து என்ற கண்ணு முன்னாடியே அளந்தாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல பாய், பத்திரிகைல படிச்சேன்'னு சிரிச்சுப்போட்டாருங்க."

"அளவு சரியாத்தானே இருந்துது?" என்று கேட்டேன். இப்படி ஒரு மடத்தனமான கேள்வியை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

"சரியாத்தானுங்க இருந்துது. அளந்தாரே... அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? "பாய், நான் அளந்து பாத்துட்டுத்தான் எழுதினேன், நீங்களே வந்து பாருங்க" என்று மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பலகை மேல் ஸ்கேலை வைத்துக் காட்டினேன். பாய் தண்டவாளத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்கேலைப் பார்த்தார். எடுத்தார். பின்பக்கம் திருப்பினார்.

"இது ஏதுங்க?"

"உங்க பட்டறையில எடுத்ததுதான்..."

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் மரம் அறுத்து முடிக்கும்வரை காத்திருக்க முடியாமல், மேசையில் கிடந்த இந்த ரெண்டடி ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். மெஷின் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. நானும் விழுந்ததா என்று நின்று பார்க்கவில்லை.

"எட்டு மாசமா இதைத்தானுங்க தேடிட்டிருக்கேன்" என்றார் பாய். "சார், இது சாதா ஸ்கேல் இல்லீங்க. உருக்கி ஊத்துன இரும்பு ஆறுனாச் சுருங்குமுங்க. அடிக்கு அரைக்கால் இஞ்ச், மூணு மில்லி. அதனால பேட்டர்னை அந்தளவுக்குப் பெருசாச் செய்யோணும். ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் போட்டுட்டு இருக்க முடியாதுன்னு, ஸ்கேல்லயே இஞ்சைக் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கும். ஷ்ரிங்கேஜ் ஸ்கேலுங்க. பின்னால குத்தியிருக்குது பாருங்க."

குத்தியிருந்தது. பொடி எழுத்தில். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அந்த ஸ்கேலைத் திருப்பிப் பார்த்ததில்லை.

பாய் சட்டைப் பையில் இருந்து தன் டேப்பை எடுத்து வைத்தார். அவருடைய பாதி, சரியாக இருபது. என் பாதி, இருபதைத் தாண்டி ஐந்து மில்லிமீட்டர். கதவருகே நின்றிருந்த என் மனைவி தன் துணி டேப்பை எடுத்து மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தப்பாக அளந்ததுகூடப் பெரிதில்லை. தப்பான ஸ்கேலை வைத்துக்கொண்டு அதாலேயே இன்னொருவரை அளந்து, அதை ஊர் அறியப் பத்திரிகையிலும் போட்டு... பதினேழு வருஷம் யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்காத ஒரு மனிதரின் வேலையை என் ஒரு வரி மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்த வரிக்கு நான் சிரித்தேன் என்பதை நினைக்க நினைக்க ஆறவில்லை.

"தப்புத்தான் பாய். மன்னிச்சிருங்க" என்றேன். கூடவே, என் வியாதியைப் பாருங்கள், அடுத்த மூச்சிலேயே, "ஞாயித்துக்கிழமை ஜனங்க வர்றாங்க. என் பாதியைப் பூராப் பிரிக்க நாளில்லை. உங்க பாதியில மட்டும் லைனை அஞ்சு மில்லி நகர்த்திக்கலாமா?" என்றும் கேட்டுவிட்டேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரியா இருக்கறதைத் தப்புக்குத் தகுந்தாப்புல நகத்தச் சொல்றீங்களா சார்? அது என்ற கையால ஆகாதுங்க. பிரிங்க. எத்தனை நாளானாலும் நானும் வாரேன்."

ஆகவே வாசகர்களே, முதல் ஞாயிறு யாரும் வர வேண்டாம். என் பாதி கிணத்துக்கடவு முழுவதையும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எட்டு மாதம் நான் கட்டியதெல்லாம் அடிக்கு அரைக்கால் இஞ்ச் வீங்கிப்போய்த்தான் இருக்கிறது. டீச்சரம்மா, உங்கள் மாட்டுக்கொட்டகை உள்பட. திரும்பச் செய்கிறேன். பசை காய இந்தத் தடவை ஒரு நாள் முழுக்க விடுவதாகவும் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது பாய் சொன்னார்: "என்ற கிட்ட மன்னிப்புக் கேட்டா ஆச்சுங்களா சார்? துடியலூர்க்காரருக்கு அது கேக்குமுங்களா? எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லிருங்க. இந்தத் தடவை பேரையும் போட்டுருங்க."

போட்டுவிட்டேன். உக்கடம் பேட்டர்ன் பட்டறை ஜாபர் பாய் அளந்தது சரி. நான் அளந்தது தப்பு.

அன்றைக்கு அதைச் சொன்ன கையோடு பாய், மடித்து வைத்திருந்த இதழைப் பிரித்து, தன்னைப் பற்றி நான் எழுதிய இடத்தின் மேல் அந்த ரெண்டடி ஸ்கேலை வைத்தார். "ஒரு இஞ்சு இருக்குதுங்க. மன்னிப்பும் அதுக்குக் குறையாமப் போடுங்க."

"எந்த ஸ்கேல்ல பாய்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "இதுலயே போடுங்க சார். மன்னிப்பும் சூட்டோட ஊத்தறதுதானுங்களே... ஆறுனாச் சுருங்கிப்போகும். கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்." என் மனைவி பக்கம் திரும்பி, "அம்மணி, இப்பக் குடுங்க காப்பி" என்றார்.

அதனால்தான் இந்த வாரம் எடிட்டரிடம் கெஞ்சி ஒரு பக்கம் முழுதாக வாங்கியிருக்கிறேன்.