அதே ரோடு, அதே மஞ்சள் சட்டை

எனக்கு வாய் ஜாஸ்தி என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. இணையத்தில் அது இன்னும் ஜாஸ்தி. பல வருஷமாக நான் விளையாடிவரும் பைக் ரேஸ் கேமின் நான்காம் பாகம் வந்த அன்று, சரவணம்பட்டி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஆசையாக உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் பற்றிக்கொண்டு வந்தது. போன பாகத்தில் இருந்த அதே மலைப்பாதை. அதே பாலம். பாலத்தைத் தாண்டியதும் அதே சிவப்புக் கூரை போட்ட பெட்ரோல் பங்க். பங்க் வாசலில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் நின்று கைதட்டுவான். இரண்டாம் பாகத்திலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறான், சட்டையைக்கூட மாற்றவில்லை. வானத்தை மட்டும் கொஞ்சம் பளபளப்பாக்கிவிட்டுப் புதுசு என்று விற்கிறார்கள். கேம் விளையாடுகிறவர்களின் குழுவில் போய், எங்களையெல்லாம் கேனையர்கள் என்று நினைத்தீர்களா என்று ஆரம்பித்து நீளமாக எழுதித் தீர்த்தேன். அதன் பிறகுதான் பசித்தது.

அப்பாவிடமும் புலம்பினேன். அவருக்கும் அந்தப் பாதை தெரியும். கருமத்தம்பட்டியில் எங்களுக்கு விசைத்தறி. சில வருஷங்களுக்கு முன் கூலி உயர்வு கேட்டு ஊரில் எல்லாத் தறியும் வாரக்கணக்கில் நின்றது. சும்மா உட்காரத் தெரியாத மனுஷர், வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து அம்மாவின் உயிரை எடுத்தார். தொல்லை தாங்காமல் நான்தான் அவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, அப்போதிருந்த இரண்டாம் பாகத்தைப் போட்டுவிட்டேன்.

அப்பா மாதிரி ரேஸ் ஓட்டுகிறவரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பின்னால் ஒரு பைக் வந்தால் ஓரம் கட்டிவிடுவார். "போங்க போங்க, அவசரமாட்ட இருக்குது" என்று டிவியைப் பார்த்துச் சொல்வார்.

"அப்பா, இது ரேஸுங்க! வழி விடக் கூடாதுங்க!" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"பின்னால வர்றவருக்கு வழி வுடோணுமல்ல அம்மணி" என்பார்.

எட்டுப் பேர் ஓடும் ரேஸில் எட்டாவதாக வருவார். மஞ்சள் சட்டைக்காரனுக்கு ஒரு தலையாட்டு. "நல்ல மனுசன். கடேசியா வந்தவனுக்கும் தட்டறான் பாரு." ஸ்ட்ரைக் முடிந்து தறி ஓடிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடினோம். மூன்றாம் பாகத்திலும் வழி விட்டுக்கொண்டேதான் ஓட்டினார்.

நான்காம் பாகத்தைத் திட்டி எழுதி மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. பக்கவாதம். நல்லவேளை, சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். கால் ஓரளவு திரும்பியது. பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை, அதிலும் கட்டைவிரல் சுத்தமாக வரவில்லை. சோற்றைப் பிசைய எந்த விரலும் உதவும், வாய்க்குள் தள்ளுவது கட்டைவிரல்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா ஊட்டவந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பாதியில் எழுந்துவிடுவார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. பந்தியில் பத்துப் பேர் பார்க்க இடது கையால் எப்படிச் சாப்பிடுவது? பக்கத்து இலைக்காரரை "இன்னும் கொஞ்சம் வாங்கிக்குங்க" என்று வற்புறுத்தாமல் பந்தியை விட்டு எழாத மனுஷர் அவர்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். "நானென்ன கொழந்தையா?" என்று அப்பா அதைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டார். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் உருட்டுவார். ஒரு நாள் கோபம் தாளாமல் நானே பந்தை வாசலில் வீசிவிட்டு, டிவியைப் போட்டு, அவர் மடியில் கன்ட்ரோலரை வைத்தேன். வண்டியைக் கிளப்புகிற பட்டன் வலது கட்டைவிரலுக்கு நேர் கீழே இருக்கும்.

"கை வராத மனுசனுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்!" என்று அம்மா என்னை வைதார்.

எனக்கும் உள்ளூர பயம்தான். பழைய பாகங்கள் ஓடிய மெஷின் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. கையில் இருந்தது நான்காம் பாகம் மட்டும். அந்த நாட்களில் புதிதாக எதைக் காட்டினாலும் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். திரையில் மலைப்பாதை வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"அட, நம்ம ரோடு!"

நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்தக் கம்பெனிக்காரர்கள் எதிரில் இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

வண்டி கிளம்பவில்லை. விரல் பட்டன்மேல் ஈரத்துணி மாதிரி கிடந்தது. மற்ற ஏழு பைக்கும் போயே போய்விட்டன. ஆனால் பந்தை உருட்டிவிட்டதுபோல் அப்பா இதை உருட்டிவிடவில்லை. எந்த வளைவுக்கு அடுத்து என்ன வரும் என்று அவருக்கு மனப்பாடம். பங்க் வரைக்குமாவது போய்விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டது. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் நானே போட்டுக் கொடுப்பேன். பந்தை வீசியதையும் கேம் போட்டுக் கொடுப்பதையும் பிசியோதெரபிஸ்டிடம் பயந்துகொண்டே சொன்னேன். "வெரல் அசைஞ்சாச் சரிங்க. பந்தையும் எடுத்து உள்ள வைங்க" என்றார்.

சில வாரம் கழித்து வண்டி கொஞ்சதூரம் போய்ச் சுவரில் மோதியது. சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"முட்டிப்போட்டேன் புள்ள!" என்றார் அப்பா, அவ்வளவு பெருமையாக.

நடுவில் ஒரு நாள் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் கேட்டுக்கொண்டபடி பாதைகளை அடியோடு மாற்றியிருக்கிறோம், அப்டேட் செய்யலாமா என்று. கேட்டவர்களில் முதல் ஆள் நான்தான். வெடுக்கென்று வேண்டாம் என்று அழுத்தினேன். அது போதாதென்று வைஃபையின் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். அன்று மாலை முழுக்க அம்மாவுக்கு சீரியல் வரவில்லை, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, வலது கையைத் தட்டில் வைத்து, பருப்புச் சோற்றை மெதுவாகப் பிசைந்தார். கை நடுங்கியது. வாய் வரை கொண்டுபோய்க் கட்டைவிரலால் தள்ளினார். பாதி உள்ளே போனது, பாதி வேட்டியில் விழுந்தது. அம்மா துடைக்க எழுந்தார். "வுடு, நா பாத்துக்கறேன்" என்றார். அடுத்த கவளத்தில் விழுந்தது குறைவு. நானும் அம்மாவும் சாப்பிடுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

தட்டைக் காலி செய்துவிட்டு அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"அடுத்த முகூர்த்தம் யாரூட்ல புள்ள?"